கல்லில் பேர் போட்டவர்

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கிழட்டுக் குரங்குகளே,

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கல். அதற்கு கிரானைட் சட்டை போட்டு, சுற்றிலும் எவர்சில்வர் கம்பி நட்டு, ‘தொடாதீர், சாயாதீர்’ என்று போர்டும் வைத்துவிட்டார்கள். கீழே ஆளாளுக்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டிருந்தீர்கள். ‘நம்ம ஊரு பெருமை’ என்று எழுதியவன், அதே கல்லுக்குப் பின்னால் ஒன்றுக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் மாட்டியவன். யாரென்று சொல்ல மாட்டேன். அவனுக்கு மருமகன் வந்துவிட்டான்.

 ஐம்பதைத் தொடப்போகிற ஆள், சர்க்கரைக்கு ஒன்றும் பிரஷருக்கு ஒன்றும் மாத்திரை விழுங்குகிற ஆள், ஒரு கல்லைப் பார்த்து பாத்ரூமுக்கு ஓடினேன். வெளியிலிருந்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, “இன்னா ஆச்சு?” என்றாள். “இரண்டாம் உலகப்போர்” என்றேன். “காலைல பூரி வேணாம்னு சொன்னேன்ல” என்றாள்.

அந்தக் கல் அப்போது எப்படி இருந்தது என்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. வருஷா வருஷம் பொங்கலுக்கு பஞ்சாயத்துக்காரர்கள் அடித்த சுண்ணாம்பு அதன் மேல் ஏடு ஏடாகக் கனத்துக் கிடந்தது. அதற்கு மேல் சினிமா போஸ்டர், அதற்கு மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதற்கு மேல் மூலம் பௌத்திரம். எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அது மல்லாட்டைக்காரம்மா முதுகு சாய்க்கிற கல். எனக்குத் தெரிந்த வரலாறு அவ்வளவுதான்.

அந்த அம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். அவலூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு இறங்கும். கல்லடியில் சாக்கை விரித்து, அடுப்பு மூட்டி, மணலில் மல்லாட்டையை வறுக்கும், டவுன்காரன் பாஷையில் வேர்க்கடலை. மார்கழிப் பனியில் அந்தச் சூட்டு மணல் வாசனை நம் கிளாஸ் ஜன்னல் வரைக்கும் வரும். அளந்து போட ஒரு தகர டப்பா வைத்திருக்கும். அதன் அடியில் யாரோ கொஞ்சம் உள்பக்கம் தட்டி விட்டிருந்தார்கள், அளவு குறைய. நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு. தலையில் எந்த நாளும் ஒரு முழம் கனகாம்பரம். வயது அறுபதுக்கு மேல்.

புருஷன் கல்யாணமான கையோடு பட்டாளத்துக்குப் போனவர். பர்மா என்று சொல்லிக் கேள்வி. போனவர் போனவர்தான். செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை. அந்த அம்மாவுக்கு மட்டும் இருக்கிறார். பேர் கேட்டால் சொல்லாது. அந்தக் காலத்துப் பொம்பளை, புருஷன் பேர் வாயில் வராது. கையைத் தூக்கிச் சிங்கவரம் மலைப் பக்கம் காட்டி, “அங்க படுத்துக்கினு இருக்காரே சாமி, அவரு பேரு” என்னுமாம். இதை வைத்துத்தான் திருவண்ணாமலை பஸ் கண்டக்டருக்கு தினமும் பொழுது விடியும்.

“இன்னா பெரிம்மா, உன் ஊட்டுக்காரரு எங்க படுத்துக்கினு இருக்காரு இன்னிக்கு?”

பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். டிரைவர் உள்ளேயிருந்து, “பர்மாக்காரி மடியிலதான், வேற எங்க” என்பார். அந்த அம்மா அசராமல் டப்பாவைத் தட்டும். “எங்க படுத்தா இன்னாடா, எழுந்து இங்கதான வரணும்.”

நாமும் சிரித்தோம். அந்த வயதில் எதற்குச் சிரிக்கவில்லை?

இந்த நேரத்தில்தான் நம் வரலாற்று வாத்தியாருக்கு அந்தக் கல் மேல் கண் விழுந்தது. கையில் எப்போதும் புளியங்குச்சியோடு திரிவாரே, நாம் பட்டப்பேர் வைத்த புளியமிளாறு, தெரியாதா? ஒவ்வோர் அடிக்கும் ஒரு ராஜா பேரைச் சொல்லி அடிப்பார். செஞ்சியை ஆண்டவர்கள் ஒருவரா இருவரா. நாயக்கர், சுல்தான், மராத்தியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லோரும் முறைவைத்து என் உள்ளங்கையை ஆண்டிருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நம்மை வரிசையாகக் கூட்டிப்போய் ஓட்டாஞ்சில்லால் கல்லைச் சுரண்டச் சொன்னார். மல்லாட்டைக்காரம்மா சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்து திட்டியது. “முதுவு சாய்ச்சிக்க ஒரு கல்லு இருந்திச்சி. அதையும் சொரண்ட வந்துட்டானுங்க. சாஞ்சா கண்ணு சொக்குற கல்லுடா அது.”

சுண்ணாம்பு சில்லு சில்லாக உதிர்ந்து நம் முடியெல்லாம் நரைத்தது. அடியில் இங்கிலீஷ் எழுத்து. போரில் உயிர் விட்ட சிப்பாய்கள், பேரும் ஊரும். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே ஹெட்மாஸ்டர் அறிவித்தார்: குடியரசு தினத்துக்கு மெட்ராஸிலிருந்து பட்டாளத்து ஆபீசர் வருகிறார், ரெண்டு ரெண்டு பையன்கள் சேர்ந்து ஒரு பேரை எடுத்துக்கொண்டு, அவர் வாழ்க்கையை விசாரித்து எழுதி, சொந்தக்காரர் ஒருவரை மேடைக்குக் கூட்டி வரவேண்டும், பொன்னாடை உண்டு. கூட்டி வராதவனுக்கு என்ன உண்டு என்று வாத்தியார் சொல்லவில்லை. மிளாறை ஒருமுறை வளைத்துப் பார்த்தார்.

ஜோடி சேர்ந்ததில் நான் மட்டும் மிஞ்சினேன். கோமாளியோடு கூட்டுச் சேர யாருக்கும் இஷ்டமில்லை, நன்றி. கடைசிப் பேர் எனக்கு. ரங்கநாதன், அவலூர்பேட்டை.

நீங்களெல்லாம் பேரனையும் ஒன்றுவிட்ட தம்பியையும் ஆடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் சந்தை நாளன்று அவலூர்பேட்டை போனேன். “எந்த ரங்கநாதன்? நெல்லு மண்டி ரங்கநாதனா, நொண்டி ரங்கநாதனா, ரேஷன் கடையா?” என்றார் ஒருவர். “செத்துப்போன ரங்கநாதன்” என்றேன். அந்த நேரம் பார்த்து நெல்லு மண்டிக்காரர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் துரத்திய வேகத்தில் நான் பஸ்ஸை ஓடிப் பிடிக்கவில்லை, பஸ்தான் என்னைப் பிடித்தது.

திரும்பி வந்து கல்லடியில் உட்கார்ந்தேன். மேடை நெருங்குகிறது, ஆள் இல்லை. உள்ளங்கையை இப்போதே ஊதிக்கொண்டிருந்தேன்.

“இன்னாடா, மூஞ்சி தீஞ்ச மல்லாட்ட மாரி இருக்குது?” என்று ஒரு கை அள்ளி என் டவுசரில் போட்டது அந்த அம்மா.

“ஒருத்தர கண்டுபுடிக்கணும். அவலூர்பேட்டையில இருந்து சண்டைக்குப் போனவரு. கெடைக்கலன்னா வாத்தியார் என்னக் கொன்னுடுவாரு.”

“அவலூர்பேட்டையா? எங்கூட்டுக்காரர வுட்டா எங்கூர்ல இருந்து பட்டாளத்துக்கு யாருடா போனாங்க?”

மல்லாட்டை என் தொண்டையில் நின்றது. அதுவரைக்கும், சத்தியமாக, ஒன்றையும் ஒன்றையும் சேர்க்கத் தோன்றவில்லை. சிங்கவரம் மலையில் படுத்திருக்கிற சாமி யார்? ரங்கநாதர். சின்னக் குழந்தைக்கும் தெரியும். சண்டைக்குப் புறப்பட்ட ராஜா வந்து உத்தரவு கேட்டபோது, போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சாமி. இன்றைக்கும் திருப்பினபடிதான் படுத்திருக்கிறார்.

நான் இருமினேன். கண்ணில் தண்ணி வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது.

“அவரு பேரா இருக்குது அதுல?”

தலை தானாக ஆடிற்று. என் தலை எப்போதும் என்னைக் கேட்காது.

“எதுடா? காட்டு.”

விரலை வைத்துக் காட்டினேன். அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்தைத் தடவியது. ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் விரலை விட்டு விட்டு எடுத்தது. இப்போது ஒப்பாரிதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது சிரிப்பு.

“பெரிய கை ஆயிட்டாருடா!”

எனக்குப் புரியவில்லை.

“சிங்கவரத்துப் படியில யாரு பேருடா வெட்டியிருக்குது? உபயம் பண்ணவங்க பேரு. எங்கூர்க் கோயில்ல டியூப்லைட்டு மேல யாரு பேரு? லைட்டு குடுத்தவங்க பேரு. சும்மாவா ஒருத்தன் பேர கல்லுல போடுவாங்க? இந்தக் கல்லயே அவருதான் வச்சிருக்காரு.” அப்புறம் குரலை இறக்கிக்கொண்டது. “வந்துட்டுப் போயிருக்காரு பாரு. நான் சந்தைக்கு மல்லாட்ட வாங்கப் போயிருந்த நேரமா வந்திருப்பாரு.”

சாக்கை இழுத்து இரண்டு முழம் தள்ளிப் போட்டது. அன்றிலிருந்து கல்லில் சாயவில்லை. காலையில் வந்ததும் தண்ணி தெளித்துக் கல்லைத் துடைக்கும். கண்டக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டால், “படுத்தாரோ எழுந்தாரோ, நீ ஒண்ணுக்குப் போற எடத்துல கல்லு வச்சிருக்காருடா. உன் பேரு எங்க இருக்குது, டிக்கெட்டுல கூட இல்ல” என்றது. கண்டக்டருக்குக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். டிரைவருக்கும் தெரியும். முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

நான் வாத்தியாரிடம் ஓடினேன்.

“மனைவியாடா? மனைவியேவா?” என்று என் முதுகில் தட்டினார். அந்தக் கை என்னை அடிக்காமல் தொட்டது அன்றைக்குத்தான். “மத்தவனுங்கல்லாம் சித்தப்பன் மவன், மாமன் மவன்னு புடிச்சிக்கினு வரானுங்க. நீ மனைவியையே புடிச்சிட்ட!”

“சார், அவங்களுக்குத் தெரியாது சார்.”

“என்ன தெரியாது?”

“அவரு செத்துட்டாருன்னு. உபயம் பண்ணிருக்காருன்னு நெனச்சிக்கினு இருக்காங்க சார். நீங்க சொல்லிடுங்க சார்.”

சாக்பீஸை மேஜை மேல் ஒருமுறை உருட்டினார். “அதெல்லாம் அவங்க குடும்பத்துல பாத்து சொல்லிப்பாங்க. நாம வரலாறு, போ.”

வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். “பொங்கல் வருது. நல்ல நாளும் அதுவுமா எழவு சொல்லுவாங்களா? பொங்கல் போவட்டும்.” பொங்கல் போனது. “நாளைக்கு அமாவாச” என்றாள். நைனாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு அவலூர்பேட்டைக்கு, அந்த அம்மாவின் கொழுந்தனார் வீட்டுக்குப் போனார். நெல்லு மண்டிப் பக்கம் போகும்போது நான் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டேன்.

கொழுந்தனார் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நைனா மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“தெரியும்பா” என்றார்.

“இன்னா தெரியும்?”

“அண்ணன் செத்தது. அப்பவே சர்க்கார்ல இருந்து ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். கொல்லையில மல்லாட்ட விளஞ்சி நின்னிச்சி. இப்ப சொன்னா இவ மூலையில ஒக்காந்துக்குவா, புடுங்க ஆளு வேணும், புடுங்கிட்டு சொல்லலாம்னாரு எங்க நைனா. புடுங்கனப்புறம் தங்கச்சி கல்யாணம். தட்டு தூக்க சுமங்கலி வேணுமே. அப்புறம் என் கல்யாணம். அப்புறம்…” மாட்டின் கழுத்தைச் சொறிந்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “அப்புறம் மறந்துட்டோம்பா.”

 திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நைனா, “நீ மல்லாட்ட வாங்கிச் சாப்புடாத” என்றார். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் யார் மேலாவது கோபப்படவேண்டி இருந்தது போல.

குடியரசு தினம். மல்லாட்டைக்காரம்மா மாம்பழக் கலர் புடவை புதுசாகக் கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, பொட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்ததும், “அவரு வந்துட்டாராடா?” என்றது. நான் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கொடிக்கம்பம் ஒல்லி, நான் அப்போதும் குண்டு.

மேடைக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் அந்த அம்மாவைப் பார்த்ததும் தையல் டீச்சரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “வீரரோட விதவைன்னு ஆபீசருக்கு எழுதிக் குடுத்தாச்சே! பூவும் பொட்டுமா வந்து நின்னா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாரு?” என்று அவர் காதில் சீறினார். தையல் டீச்சர் நல்லவர், கிழிந்த டவுசரெல்லாம் தைத்துக் கொடுத்தவர். கர்சீப்பைத் தண்ணியில் நனைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார்.

“வேர்வைல பொட்டு கலஞ்சிருக்குதும்மா. இருங்க, தொடச்சி வுடறேன்.”

“தொடச்சிட்டு நல்லா வட்டமா வச்சி வுடு தாயி” என்று அந்த அம்மா முகத்தைத் தூக்கிக் காட்டியது.

துடைத்தார். திரும்ப வைக்கவில்லை. “ஆபீசருக்கு பூ வாசன ஆவாதாம், தலவலி வருமாம்” என்று சொல்லி, வாசனையே இல்லாத கனகாம்பரத்தையும் உருவிக்கொண்டார். “பெரிய மனுசங்களுக்கு எல்லாத் தலவலியும் இருக்கும்” என்று அந்த அம்மா சிரித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நீங்கள் ரெண்டு பேர் நின்றிருந்தீர்கள், யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

வாத்தியார் மைக்கில் இலக்கியத் தமிழ் பேசினார். ‘இன்னுயிர் ஈந்த’ என்றார், ‘புகழுடம்பு எய்திய’ என்றார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பெருமையாகத் தலையை ஆட்டியது. ஆபீசர் வடக்கத்திக்காரர், ஆறடி. குனிந்து பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்திய கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டது. மைக் அணைக்காமல் இருந்தது.

“சாமி, கல்லுல பேரு போட்டீங்க, சந்தோசம். ஆளு எப்ப வருவாரு?”

கிரவுண்டு முழுக்கக் கேட்டது.  எங்கோ ஒருத்தன் ‘பர்மாக்காரி’ என்றான். எட்டாம் வகுப்பு ‘பி’ மொத்தமும் சிரித்தது.

ஆபீசர் என்ன என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். ஆபீசர் நிமிர்ந்தார். பூட்ஸைச் சேர்த்து அடித்து, அந்த அம்மாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

மேடையிலிருந்து இறங்கி வரும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெளிச்சம். “பாத்தியாடா? உத்தரவு வாங்கிட்டேன். சீக்கிரம் அனுப்புறேன்னு அடிச்சி சொல்லிட்டாரு.” அப்புறம் சட்டென்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. “அந்தப் பொண்ணு பொட்டு வைக்க மறந்துட்டுது பாரு.” இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து குங்குமம் எடுத்து, கண்ணாடி இல்லாமலே நட்ட நடு நெற்றியில் வைத்துக்கொண்டது.

நம் பக்கத்தில் உண்மையைச் சொல்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, குழாயடி. மாசி மாதம் தண்ணி குறைந்தபோது அவலூர்பேட்டைக் குழாயடியில் வரிசைச் சண்டை. மல்லாட்டைக்காரம்மாவின் குடத்தைக் கொழுந்தனார் மருமகள் நகர்த்தி வைத்திருக்கிறாள். இந்த அம்மா விடவில்லை. “எங்கூட்டுக்காரரு வரட்டும்டி, உங்கள எங்க வைக்கணுமோ அங்க வைக்கிறேன்” என்றதாம். அதற்கு அவள் சொன்னாள்: “வருவாரு, வருவாரு. நீ தாலி அறுத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆவுது, போயி எங்க மாமாவக் கேளு!”

அந்த அம்மா குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்க் கேட்டது. மாமா இந்தத் தடவை வாளியைக் கீழே வைத்தாராம்.

பத்துப் பேர் காதில் விழுந்தபின் சும்மா இருக்க முடியுமா? பங்காளிகள் கூடினார்கள். கருமாதி ஆகாத தீட்டோடு இத்தனை வருஷமாக எல்லாக் கல்யாணமும் நடந்திருக்கிறதே என்று அப்போதுதான் அவர்களுக்குப் பயம் வந்தது. செத்த நாள் யாருக்கும் தெரியாது. அதனால் குழாயடிச் சண்டை நடந்த நாளையே செத்த நாளாக வைத்துக்கொண்டார்கள். என் அம்மாவும் போயிருந்தாள். வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு உட்கார்ந்து சொன்னாள். வழக்கப்படி கடைசியாக ஒருதரம் பூவும் பொட்டும் வளையலும் போட்டு உட்கார வைத்தார்களாம், அதே மாம்பழக் கலர் புடவையில். அந்த அம்மா அழவில்லையாம். பொட்டைத் துடைக்கக் கை நீட்டியவளிடம், “ஒருத்தி ஏற்கனவே தொடச்சிட்டா. எனக்குத்தான் தெரியல” என்றதாம். அப்புறம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். என் அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நைனா, “அமாவாச முடிஞ்சிதா?” என்று மட்டும் கேட்டார்.

சில நாள் கல்லடி காலியாகக் கிடந்தது. மணல் வாசனை இல்லாமல் ஜன்னல் வெறும் ஜன்னலாக இருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள், ஏனென்றால் நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள்.

பிறகு ஒரு காலை முதல் பஸ்ஸிலிருந்து கூடை இறங்கியது. பின்னால் அந்த அம்மா. வெறும் நெற்றி, வெறும் கழுத்து, வெறும் தலை. சாக்கைத் தள்ளி விரிக்கவில்லை. பழைய இடத்தில், கல்லை ஒட்டி விரித்தது. அடுப்பு மூட்டி மணலைக் கொட்டியது. பஸ் ஸ்டாண்டே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன் போலப் போய், அடுப்புக்கு எதிரே நின்றுவிட்டேன். திருவண்ணாமலை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழக்கதோஷத்தில் படியில் தொங்கிக்கொண்டே, “இன்னா பெரிம்மா…” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கேளுடா” என்றது அந்த அம்மா. “தெனம் கேப்பியே. கேளு.”

அவர் பையில் சில்லறையைத் துழாவினார்.

“எங்க படுத்துக்கினு இருக்காருன்னு கேளுடா!”

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். அந்த அம்மா மெதுவாகப் பின்னால் நகர்ந்து, எழுத்தெல்லாம் முதுகில் பதிகிற மாதிரி கல்லில் சாய்ந்து உட்கார்ந்தது.

“இங்கதான். என் முதுவுக்குப் பின்னாடி. நான் சாஞ்சி சாஞ்சி தூங்கியிருக்கேன்டா இந்த ஆளு மேல. சொரண்டுன அன்னிக்கிலிருந்து உங்க எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சிக்கினே வாங்கித் தின்னிருக்கீங்க.”

தகர டப்பாவை மல்லாட்டையில் முக்கி, தலை தட்டாமல் குவியலாக எடுத்து நீட்டியது. முதலில் கண்டக்டரிடம். அப்புறம் என்னிடம்.

“இந்தா. இன்னிக்கும் தின்னு.”

வேண்டாம் என்று சொல்ல அந்த பஸ் ஸ்டாண்டில் ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை. கண்டக்டர் தொப்பியைக் கழற்றி அதில் வாங்கிக்கொண்டார். நான் கையை நீட்டினேன். அத்தனை ராஜாக்கள் ஆண்ட கை. சுடச் சுட விழுந்தது. உரித்தேன், தின்றேன். அந்த அம்மா அடுத்த ஈட்டை மணலில் கொட்டி, என் வாயையே பார்த்துக்கொண்டு கிளறத் தொடங்கியது.